சீட்டு எடுக்க வராதே

தேசிங்கு, வராதே.

"நலம், நலமறிய ஆவல்" என்று உன் தங்கை தொடங்கப் பார்த்தாள். அதெல்லாம் பிறகு, முதலில் இதை எழுது என்று சொல்லிவிட்டேன். பாட்டுச் சீட்டுப் போடும் நாளும் உன் கடைசி ஆட்டமும் ஒரே நாளில் வருகின்றன என்று தெரிந்ததும், ஆட்டத்தை விட்டுவிட்டு ஊருக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடிதத்தைக் கன்னியம்மா எனக்கு ஒரு தடவைதான் படித்துக் காட்டினாள். இன்னொரு தடவை படிக்க வேண்டாம் என்றேன். நீ வரக் கூடாது. ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுத அவளுக்கு வெட்கம். பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகும் காதர் பாய் கடைக்கு வரும் பேப்பரை ஒரு எழுத்து விடாமல் படிக்கிறவள் ஆயிற்றே, எல்லாவற்றையும் பேப்பர் தமிழில் மாற்றிக்கொள்கிறாள். மாற்றிக்கொள்ளட்டும். எதையும் குறைக்கக் கூடாது, நடுவில் யாராவது பேசினதைப் பேசினபடியே எழுத வேண்டும் என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பிரதி எழுதுகிறாள். ஒன்று உனக்கு. இன்னொன்றைப் படகுத் துறையில் பாய் கடைச் சுவரில் ஒட்டப் போகிறோம். ஊர் படிக்கட்டும். நீயும் இதை ஒளித்து வைத்துப் படிக்காதே, உன் கூட ஆடுகிறவர்களுக்குப் படித்துக் காட்டு.

அவர்களுக்குப் பாட்டுச் சீட்டு என்றால் என்ன என்று தெரியாது. அதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் இறால் வலை கட்ட முடியாது. எந்த இடம் எந்த வீட்டுக்கு, எந்த நாள் யார் முறை என்று வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரிக்கும். அப்படிக் கிடைக்கிற முறைக்குப் பாடு என்று பெயர். வீட்டுக்கு ஓர் ஆணின் பெயர் ஊர்த் தலைவர் நாட்டாரின் நோட்டில் இருக்கும். நம் வீட்டுக்கு உன் பெயர். அப்பா போன பிறகு உன் முறையில் உன் சித்தப்பாதான் வலை கட்டி, வந்ததில் பாதியை நமக்குத் தந்துகொண்டிருந்தார். இந்த வருஷம் நாட்டார் பேச்சை மாற்றிவிட்டார். பெயருக்கு உடையவன் நேரில் வந்து நின்று சீட்டு எடுக்க வேண்டும், இறால் காலம் முடிகிற வரைக்கும் ஊரிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் வீட்டுக்குப் பாடு கிடையாது என்றார். அதற்குப் பயந்துதான் நீ மூட்டை கட்டுகிறாய்.

நீ எதை விட்டுவிட்டு வருகிறாய் என்று எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியின் கடைசி ஆட்டம் அது. அதைப் பார்த்துத்தான் வெளிநாட்டுக்குப் போகிற இந்திய அணிக்கு ஆள் பொறுக்குகிறார்கள். போன தடவை உன்னை விட்டுவிட்டார்கள். அடுத்த தடவை வரைக்கும் உன் முழங்கால் தாங்காது என்று டாக்டர் சொன்னதை நீ எனக்கு எழுதவில்லை. உன் அறையில் கூட இருக்கிற பையன், மெட்ராஸுக்குச் சரக்கு எடுக்கப் போன பாயிடம் சொல்லி, பாய் என்னிடம் சொன்னார். ஆக இருப்பது இந்த ஒரு தடவைதான். பாடு போனால் அடுத்த வருஷம் சண்டை போட்டாவது கேட்கலாம். இது போனால் எவரிடம் போய்க் கேட்பாய்?

உனக்குப் பந்து எப்படி வந்தது என்று பேப்பர்காரர்கள் கேட்டால் நீ தலையைக் குனிந்துகொள்கிறாயாம். அதை நான் சொல்கிறேன். மிஷன் பள்ளிக்கூடம் ஏரிக்கு அந்தக் கரையில். மற்றப் பிள்ளைகள் படகில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். நீ உட்கார மாட்டாய். கழியை வாங்கிச் சேற்றில் இறக்கி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒற்றைக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்த் தள்ளுவாய். அப்போதே உன் வயதுப் பிள்ளைகளைவிட ஒரு முழம் உயரம். அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தெற்கே எங்கிருந்தோ ஒரு டிரில் மாஸ்டர் வந்தார். பின்னால் இருந்த மணல் திடலில் இரண்டு பனங்கட்டையை நட்டு, உடைந்த படகின் பலகையை மேலே அடித்து, கொல்லனிடம் இரும்பு வளையம் செய்து வாங்கி மாட்டினார். வளையத்தில் தொங்கவிட வலை வேண்டும், யார் பின்னுவீர்கள் என்று கேட்டிருக்கிறார். நீ கையைத் தூக்கினாய். அப்பாவின் மீதி நூலில் இரண்டு நாள் உட்கார்ந்து, கண் கண்ணாக, பார்க்கிறவர் மெச்சும்படி பின்னிக்கொண்டு போனாய். கொண்டுபோய் மாட்டிய பிறகுதான் தெரிந்தது, அடியை முடிச்சுப் போட்டு மூடியிருக்கிறாய். முதல் பந்து உள்ளே போய்ச் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. மாஸ்டர் குச்சி எடுத்துக் குத்தி வெளியே தள்ளினாராம். "அடியை மூடிட்டியேடா தம்பி, பந்து எப்படிக் கீழ வரும்?" என்று கேட்டதற்கு நீ, "அடி இல்லன்னா வலை எதுக்கு சார்?" என்று கேட்டிருக்கிறாய். மீன் பிடிக்கிற வீட்டுப் பிள்ளை வேறு எப்படிப் பின்னுவான்? அந்தக் கதை படகில் ஏறி உனக்கு முன்னால் குப்பத்துக்கு வந்துவிட்டது. அடியை அறுத்துக் கொடுத்த பிறகு ஊரார் உனக்கு ஓட்டை வலைக்காரன் என்று பெயர் வைத்தார்கள். வலை காயப்போடுகிற இடத்தில் உன்னைப் பார்த்தாலே, "இன்னாடா, இன்னிக்கு ஓட்டையில இன்னா மாட்டுச்சி?" என்று கேட்பார்கள். நீ சிரித்துக்கொண்டு போவாய். எனக்குச் சிரிப்பு வராது. கேட்டவர் வீட்டுக்கு அன்று மீன் பங்கு பிரிக்கும்போது தலை இல்லாத மீனாகப் பார்த்துக் கொடுப்பேன்.

உன் அப்பாவும் முதலில் அவர்கள் பக்கம்தான். சாயங்காலம் படகுக்கு வர வேண்டிய பிள்ளை வரவில்லை என்று ஒரு நாள் துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டே அக்கரைக்குப் போனார். போன வேகத்தைப் பார்த்து நான் மஞ்சள் அரைத்து வைத்துவிட்டேன், அடிபட்டு வருவாய் என்று. இரண்டு பேரும் ஒரே படகில் திரும்பி வந்தீர்கள். சோறு போடும்போது நானே கேட்டேன், "அடிக்கலயா?" என்று. "இன்னாத்துக்கு அடிக்கறது? பந்து பின்னால ஓட்றவன்னு நெனச்சிக்கினு போனேன். அவன் ஓடல. பந்து வர எடத்துல முன்னாடியே போய் நிக்கறான்" என்றார். அதோடு சரி. ஏரியில் மீன் எங்கே திரும்பும் என்று பார்த்து நிற்கிற மனுஷர், அதற்கு மேல் அவர் யாரையும் மெச்சி நான் கேட்டதில்லை. அதற்கப்புறம் உன்னைப் படகுக்குக் கூப்பிடாமல், தன் தம்பியை, உன் சித்தப்பாவையே கூட அழைத்துக்கொண்டு போனார். அடுத்த மழைக்கு மஞ்சள் காமாலை வந்து அவர் போய்விட்டார். அப்போது நீ விட்டுவிடுகிறேன் என்றாய். நான் அன்றைக்குச் சொன்னதும் இதே வார்த்தைதான்: வேண்டாம்.

மெட்ராஸிலிருந்து ஒர்க்‌ஷாப்பு ஆட்கள் உன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வேலையும் கொடுத்து டீமிலும் சேர்த்துக்கொண்டபோது, ஊரே கவரைப்பேட்டை ஸ்டேஷன் வரைக்கும் வந்து ரயில் ஏற்றியது என்று உன் சித்தப்பா இப்போது கூட்டத்தில் சொல்கிறார். யாரும் வரவில்லை. நானும் கூடையும் கன்னியம்மாவும்தான் வந்தோம். அவள் அப்போது என் இடுப்பில் இருந்து இறங்காத குழந்தை. போன மூன்றாம் மாதமே நீ திரும்பி வந்து நின்றாய். பக்கத்துப் படுக்கைக்காரன் மீன் நாற்றம் அடிக்கிறது என்று படுக்கையை மாற்றிக்கொண்டான், கேப்டன் உனக்குப் பந்தே தருவதில்லை, ஆட்டம் முழுக்கக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று சொன்னாய். உன் கால் கட்டை விரலில் நகம் இல்லை. உன் அளவுக்கு மெட்ராஸ் கடைகளில் கேன்வாஸ் பூட்ஸ் கிடைக்காமல் வெறும் காலோடு ஆடிக்கொண்டிருந்தாய், எவனோ பூட்ஸ் காலால் வேண்டுமென்றே மிதித்திருக்கிறான். நான் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு ஒன்றுதான் கேட்டேன்.

"திருப்பி மிதிச்சியா?"

"இல்லம்மா. அவன் தலைக்கு மேல போட்டேன். மூணு தபா."

"அப்புறம் இன்னாத்துக்கு ஊட்டுக்கு வந்த?"

மறுநாள் காலையில் ஒரு பானை நிறையக் கருவாடு கட்டி, அதே ரயிலில் உன்னை ஏற்றிவிட்டேன். ஹாஸ்டலில் கதவைத் திறந்து வைத்து வறு, நாறட்டும் என்றேன். உன் தங்கை இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு, இது சுவரில் ஒட்டப்போகிற கடிதமாயிற்றே அம்மா என்கிறாள். ஒட்டட்டும். நாம் மீன்காரர்கள் என்று சுவருக்குத் தெரியாதா? அந்தக் கேப்டனே பிறகு கருவாடு தீர்ந்துபோனதா என்று கேட்டு உன்னிடம் ஆள் அனுப்பினான் என்று நீதானே எழுதினாய். பந்தையும் அதற்கு அப்புறம்தான் கொடுத்தான். கருவாட்டுக்காகக் கொடுத்தானோ ஆட்டத்துக்காகக் கொடுத்தானோ, கொடுத்தான். கைக்குப் பந்து வந்த பிறகு நீ நிற்கவில்லை. பெங்களூர், ஹைதராபாத், கல்கத்தா என்று பேப்பரில் நீ போன ஊரையெல்லாம் கன்னியம்மா படிப்பாள். எனக்கு எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. எளாவூர் ரோட்டில் மீன் விற்கும்போது பெஜவாடா லாரிக்காரன் ஒருத்தன், எந்த ஊர் மீனம்மா என்று கேட்டான். பழவேற்காட்டு ஏரி என்றேன். "அங்க ஒருத்தன் கீறானே, நெட்டையா, கைய சுத்திப் பந்து போட்றவன், அவன் ஊரா?" என்றான். ஆமாம் என்றேன். அவன் கேட்ட விலைக்கே மீனைக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று முழுக்க வெயிலே தெரியவில்லை எனக்கு.

நான் உன் ஆட்டத்தைப் பார்த்தது உனக்குத் தெரியாது. சொன்னால் கூச்சப்படுவாய் என்று சொல்லவில்லை. போன மாசிக்கு நண்டு கொண்டுபோய் மெட்ராஸில் விற்றுவிட்டு, மிச்சக் கூடையோடு வழி கேட்டுக் கேட்டு அந்த மைதானத்துக்கு வந்தேன். வாசலில் நின்றவன், "இன்னாமே, இங்க மீனு வாங்க ஆளு இல்ல, அந்தாண்ட போ" என்றான். விற்க வரவில்லை, பார்க்க வந்தேன் என்றேன். "கூடையோடவா?" என்றான். "கூடைய நீ பாத்துக்கோ, உள்ள நாலு நண்டு உசுரோட கீது, கைய வுட்டா புடிச்சிக்கும்" என்று அவன் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். சிரித்துவிட்டான், அதனால் விட்டான். உட்கார்ந்திருந்த பெரிய வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் மூக்கைச் சுளித்து நகர்ந்தார்கள். எனக்கு நல்ல இடம் கிடைத்தது.

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவரிடம், "ஏன் நைனா, பந்து உள்ள நிக்காம கீழ உழுந்துடுதே, அப்புறம் எப்டிக் கணக்கு?" என்று கேட்டேன். "நிக்க வேணாம்மா, உள்ள போய் வந்தா போதும், கணக்குல ஏறிடும்" என்றார். பிறகு நீ வந்தாய். காலை லேசாக இழுத்துக்கொண்டுதான் வந்தாய். பின்னால் ஒருத்தன், "இன்னிக்கு இவன் உக்காந்துக்குவான் பாரு, மூட்டு போச்சி" என்றான். இன்னொருத்தன், "அவனுக்குக் கால் எதுக்குடா, கை இருந்தா போதாதா?" என்றான். பந்து உன் கைக்கு வந்ததும் நீ உடம்பைத் திருப்பினாய், ஒற்றைக் கை தலைக்கு மேலே போனது. அப்போது மைதானம் மொத்தமும் எழுந்து நின்று, "பழவேற்காடு, பழவேற்காடு" என்று கத்தியது. உன் பெயரைச் சொல்லவில்லை, ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். பந்து விழுந்ததா என்று நான் பார்க்கவில்லை. சேற்றில் கழி ஊன்றுகிற அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ விட்டுவிட்டுப் போன ஏரி உன்னை விடவில்லை என்று எனக்கு அப்போது தெரிந்தது. ஏரிக்கு நீ கடன்பட்டவன் என்று இங்கே பேசுகிற பெரிய மனிதர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படிக்கட்டும். அவர்கள் ஊர்ப் பெயரை அத்தனை ஜனம் வாயால் சொன்னதை அவர்களில் ஒருத்தரும் கேட்டதில்லை. நான் கேட்டேன்.

அந்த மாதிரி ஆடுகிறவனைத்தான் போன தடவை விட்டுவிட்டார்கள். இவனுக்கு இங்கிலீஷ் பேச வராது, வெளிநாட்டில் என்ன செய்வான் என்று பொறுக்கினவர்களில் ஒருத்தர் கேட்டாராம். பந்துக்கு இங்கிலீஷ் தெரியுமா என்று நான் காதர் பாயிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "தெரியாது தங்கச்சி. ஆனா பந்து லிஸ்ட் எழுதறதில்லயே" என்றார். நீ அதற்கும் தலையைக் குனிந்துகொண்டாய். உன்னிடம் எனக்குப் பிடிக்காதது இது ஒன்றுதான், சொல்லிவிடுகிறேன். மிதித்தவனைத் திருப்பி மிதிக்காமல் இருந்தது சரி, அதை நான் மெச்சுகிறேன். ஆனால் உன்னுடையதை ஒருத்தன் எடுத்துக்கொண்டு போகும்போது ஒதுங்கி வழி விடுகிறாய். இப்போதும் அதைத்தான் செய்யப் பார்க்கிறாய். நாட்டார் ஒரு வார்த்தை சொன்னதும், சரி, நானே விட்டுக்கொடுக்கிறேன் என்று கிளம்புகிறாய். அம்மாவுக்காக விடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். எனக்காக எதையும் விடாதே. நான் கேட்கவில்லை.

இனி முந்தாநாள் நடந்ததைக் கேள். சீட்டுக்கு முன்னால் பெயர் சரிபார்க்கிற கூட்டம் கோயில் முன்னால் கூடியது. ஆண்கள் கோயில் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வழக்கம்போல் வலை காய்கிற கம்புகளுக்கு இந்தப் பக்கம். உன் தங்கை எனக்குப் பின்னால், முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு. விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்கிறவள், உனக்குத் தெரியாததா. நம் வீட்டு முறை வந்ததும் நாட்டார் என்னைப் பார்த்தார்.

"உம் புள்ள வரானா, இல்லியா? ஒரே வார்த்தைல சொல்லு."

"வரமாட்டான்."

உன் சித்தப்பா எழுந்துவிட்டார். "அண்ணி, இன்னா பேசற நீ? வரேன்னு எழுதிக்கிறான்ல?"

"எழுதினான். வராதன்னு நான் எழுதப் போறேன்."

"பந்து வந்து உனுக்கு நாஷ்டா போடுமா?" என்று யாரோ கேட்டார்கள். "எந் தலைமேல கூடை கீது, அது போடும்" என்றேன். பிறகு நாட்டாரைப் பார்த்துச் சொன்னேன், பாடு வேண்டாம், எங்கள் பெயரை எடுத்துவிடுங்கள் என்று. உனக்குத் தெரியும், உன் கூட ஆடுகிறவர்களுக்குத் தெரியாது: நம் நோட்டில் செத்தவர் பெயரைத்தான் அடிப்பார்கள். உயிரோடு இருக்கிறவன் பெயரில் கோடு போட்டால் அவன் உயிருக்கு ஆகாது என்று ஒரு பயம். எடுத்துவிடுவேன், எடுத்துவிடுவேன் என்று நாட்டார் எத்தனையோ பேரை மிரட்டியிருக்கிறார். அடித்தது கிடையாது. மிரட்டினால் போதும், எல்லோரும் வந்து நின்றுவிடுவார்கள். நீயும் வந்து நிற்கப் பார்த்தாய். அவர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, "பேரை எடுக்கறதுன்னா பேருக்கு உடையவன் வந்து சொல்லணும். பொம்பள சொல்லி எடுக்க முடியாது" என்றார்.

அப்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. முதலில் யார் குரல் என்று எனக்கே தெரியவில்லை.

"சீட்டு எடுக்கவும் அண்ணன் வரணும்ன்றீங்க, வேணாம்னு சொல்லவும் அண்ணனே வரணும்ன்றீங்க. ரெண்டுக்கும் வந்துக்கினே இருந்தா அண்ணன் எப்பதான் ஆட்றது?"

பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. ஆண்களிலும் சிரித்தார்கள், உன் சித்தப்பாவைத் தவிர. நாட்டார் முகம் கறுத்துவிட்டது. பென்சிலைக் காதிலிருந்து எடுத்து நீட்டினார். "நாலு எழுத்துப் படிச்ச பொண்ணு ஆச்சே. கூடப் பொறந்தவன் பேரு. தைரியம் இருந்தா நீயே வந்து அடி." போகமாட்டாள் என்று நினைத்துத்தான் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் முந்தானை அவள் கையிலிருந்து நழுவியது போல இருந்தது, திரும்பினால் அவள் இல்லை. கம்புகளுக்கு நடுவில் குனிந்து புகுந்து, ஆண்கள் நடுவே நடந்து போய், பென்சிலை வாங்கி, உன் பெயரைத் தேடி எடுத்து ஒரு கோடு போட்டாள். இந்த இடத்தை எழுத மாட்டேன் என்று இப்போது அடம் பிடிக்கிறாள். எழுதடி என்று பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கோடு போட்டுவிட்டு, பென்சிலை நாட்டார் கையில் கொடுக்காமல் நோட்டின் மேலேயே வைத்துவிட்டு வந்தாள்.

எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். பெற்ற பிள்ளையின் பெயரில் கோடு விழுவதைப் பார்த்தவள் நான். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் அடுப்பு மூட்டவில்லை. உன் சித்தப்பா நம் வாசல் வழியாகப் போகிறவர் இப்போது கரையைச் சுற்றிக்கொண்டு போகிறார். அவருக்கும் இதில் பாதி போயிற்று, அவர் கோபம் நியாயம்தான், அதை நான் வைத்துக்கொள்கிறேன், நீ வருத்தப்படாதே. இந்த இறால் காலத்தில் நம் வீட்டுக்கு ஏரியில் முறை இல்லை. மற்றவர் பிடித்து வந்ததைக் கரையில் ஏலத்தில் எடுத்து, ஆரம்பாக்கம் வரைக்கும் நடந்து விற்பேன். கன்னியம்மா பாய் கடைக்கு இறால் உலர்த்திக் கொடுக்கப் போகிறாள். எங்களுக்கு நடக்கும். நேற்று இரண்டு பேர் வந்து, பரிகாரம் செய்துவிடுங்கள், கோட்டுக்குத் தோஷம் உண்டு என்று சொன்னார்கள். பரிகாரம் என் பிள்ளை செய்வான், மைதானத்தில், என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஆகையால் நீ காப்பாற்றுவதற்கு இங்கே ஒன்றும் மிச்சம் இல்லை, தேசிங்கு. சீட்டு நாளில் உனக்குச் சீட்டு இல்லை. கரையில் உன் தலை தெரிந்தால் அடுத்த ரயிலில் நானே ஏற்றிவிடுவேன், முன்பு ஏற்றியது உனக்கு நினைவிருக்கும். முழங்காலுக்கு எண்ணெய் போட்டுக் கட்டிக்கொள். யாராவது ஏதாவது கேட்டால் நிமிர்ந்து பதில் சொல், தமிழில் சொன்னால் போதும். பந்து உன் கைக்கு வந்துவிட்டால் யாருக்கும் வழி விடாதே. ஜெயிப்பாயா, உன்னை எடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது. எடுக்காவிட்டாலும் நீ ஆடியதைப் பார்த்துவிட்டு எடுக்காமல் போகட்டும், ஆடாமல் விட்டவனை எடுக்கவில்லை என்று அவர்கள் நிம்மதியாகத் தூங்க வேண்டாம்.

ஆட்டம் முடிந்ததும் ஒரு தந்தி கொடு. கடிதம் வேண்டாம், தந்தி. நம் குப்பத்துக்குத் தந்தி வந்தால் அது சாவுச் செய்திதான், வேறு எதற்கும் வந்ததில்லை. தந்திக்காரர் சைக்கிளைக் கண்டதும், கோடு விழுந்த வீடு என்று ஊர் மொத்தமும் நம் வாசலுக்கு ஓடி வரும். நாட்டாரும் வருவார், உன் சித்தப்பாவும் வருவார். வரட்டும், எல்லோரும் வந்து சேருகிற வரைக்கும் நான் அதைப் பிரிக்க விடமாட்டேன். பிறகு உன் தங்கை பிரித்து, நீ எத்தனை கூடை போட்டாய் என்று சத்தமாகப் படிப்பாள். படிக்கிறேன் என்று சொல்கிறாள்.

உன் அம்மா